பெர்சியன் பூனைக்குட்டி வாங்கப் போறீங்களா? எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

எங்க சொந்தக்காரங்கள்ல, ஆபீஸ்ல, யாருக்கு ஜாதிப் பூனைக்குட்டி வாங்கணும்னு ஆசை வந்தாலும் முதல்ல எனக்குத்தான் போன் வருது. நான் டாக்டரும் இல்ல, பூனை வளத்து குட்டி விக்கிற பிரீடரும் இல்ல, சென்னையில ஒரு அபார்ட்மென்ட்ல பெர்சியன் வச்சிருக்கிற ஆள், அவ்ளோதான். ஆனா 2019ல ஒரு குட்டிய வாங்கிட்டு வந்து ஆறாவது நாளே பறிகொடுத்தவ. "ரெண்டு மாசம் ஆச்சு, ஊசி போட்டாச்சு"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. டாக்டர் அதோட வாயத் திறந்து பாத்துட்டு "இதுக்கு அஞ்சு வாரம் இருந்தாலே அதிகம்மா"ன்னாரு. அன்னைலேர்ந்து குட்டியோட வயசு விஷயத்துல நான் கொஞ்சம் பைத்தியம் மாதிரிதான், அதனால பதில் எல்லாம் சுத்தி சுத்தி அங்கேயே வந்து நிக்கும், பொறுத்துக்கோங்க.

அக்கா, எல்லாருமே ரெண்டு மாசக் குட்டின்னுதான் சொல்றாங்க. அது போதாதா?

போதாது. அதவிட முக்கியம், அவங்க சொல்ற ரெண்டு மாசம் நெஜமாவே ரெண்டு மாசமான்றதுதான்.

இங்கிலாந்துல ஜிசிசிஎஃப்னு 1910லேர்ந்து இருக்கிற பூனைச் சங்கம், 13 வாரத்துக்கு முன்னாடி குட்டி வீட்ட விட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லுது. ஐரோப்பாவுல ஃபிஃபேன்னு ஒரு பூனைச் சங்கம் இருக்கு, அவங்க கணக்கும் 12 வாரத்துக்குக் கொறையாது. மூணு மாசம்னு வச்சுக்கோங்களேன். இது சும்மா சம்பிரதாயம் இல்ல. குட்டிக்கு ஊசி ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம்னு 16 வாரம் வரைக்கும் போகும், ஏன்னா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஒடம்புல இருக்கிற வரைக்கும் ஊசி சரியா புடிக்காது, அது எப்ப கொறையுதுன்றதும் குட்டிக்குக் குட்டி மாறும். அப்புறம் கடிக்காம வெளையாடுறது, நகத்த உள்ள இழுத்துக்கிறது, மண்ணுப் பெட்டியில போறது எல்லாம் அம்மாகிட்டயும் கூடப் பொறந்ததுங்ககிட்டயும் கத்துக்கிறதுதான். ஃபின்லாந்துல 2017ல கிட்டத்தட்ட 6000 பூனைங்களோட விவரத்த வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எட்டு வாரத்துக்கு முன்னாடி அம்மாகிட்டேர்ந்து பிரிச்ச பூனைங்ககிட்ட கடி, மொரட்டுத்தனம் அதிகமா இருந்துச்சாம்.

அப்ப ஏன் இவ்ளோ சீக்கிரம் விக்கிறாங்க? அஞ்சு வாரத்துல குட்டி பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், போட்டோ பாத்த ஒடனே ஆள் விழுந்துடுவாங்க. முதல் ஊசி போடுறதுக்கு முன்னாடியே தள்ளிவிட்டா ஊசிக்காசு மிச்சம், தீனிக்காசும் மிச்சம். குட்டி போயிட்டா தாய் சீக்கிரம் திரும்ப ஹீட்டுக்கு வந்துடும், அடுத்த ஈத்துக்கு ரெடி. வயசுல பொய் சொல்ற ஆளுக்கு இந்த மூணு கணக்குமே தெரியும். அதனாலதான் நான் சொல்றது, வயசுல பொய் சொன்னா மத்தத விசாரிக்கவே வேணாம், கெளம்பி வந்துடுங்க.

சரி, வயச நான் எப்படி கண்டுபிடிக்கிறது? எனக்கு பல்லெல்லாம் பாக்கத் தெரியாதே?

சமையல்கட்டுல மாவு நிறுக்குற டிஜிட்டல் தராசு இருக்குல்ல, அத எடுத்துட்டுப் போங்க. நெஜமாத்தான் சொல்றேன். பொறக்கும்போது குட்டி 100 கிராம் பக்கம் இருக்கும், அப்புறம் வாரத்துக்கு கிட்டத்தட்ட 100 கிராம் ஏறும். அப்ப ரெண்டு மாசக் குட்டி 800, 900 கிராம் பக்கம் வரணும், மூணு மாசம்னா ஒண்ணேகால் கிலோ பக்கம். முன்னப்பின்ன இருக்கும், ஆனா "ரெண்டரை மாசம்"னு சொன்ன குட்டி 500 கிராம் காட்டுச்சுன்னா ஒண்ணு வயசு பொய், இல்ல அது நோவாளிக் குட்டி, ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்களுக்கு வேணாம். பெர்சியன்ல முடி ஏமாத்தும், கையில தூக்குனா காத்து மாதிரி இருக்கும், அதான் தராசு.

கண்ணப் பாருங்க. எல்லாக் குட்டிக்கும் முதல்ல கண்ணு நீலமாத்தான் இருக்கும், ஆறேழு வாரத்துலதான் நெறம் மாற ஆரம்பிக்கும். செப்பு நெறக் கண்ணு வரவேண்டிய பெர்சியன் குட்டி முழு நீலக் கண்ணோட முழிச்சுச்சுன்னா அது சின்னக் குட்டி. ஹிமாலயன்ற பூனை வகையிலயும் சில வெள்ளைப் பூனைலயும் மட்டும் நீலம் அப்படியே நிக்கும், அதுக்கு இந்தக் கணக்கு ஆகாது. பல்லுன்னா, முன்பல்லு மூணு நாலு வாரத்துல வந்துடும், கடவாய்ப் பல்லு எல்லாம் சேந்து 26 பால்பல்லும் வந்து முடிய எட்டு வாரம் கிட்ட ஆகும். பின்னாடி ஈறு மொட்டையா இருந்தா கணக்குப் போட்டுக்கோங்க.

நல்ல பிரீடர எங்க தேடுறது? இன்ஸ்டாகிராம்ல பாத்தா போதுமா?

இன்ஸ்டா தப்பில்ல, ஆனா கீழ கீழ தள்ளி மூணு வருஷம் பின்னாடி போய்ப் பாருங்க. நல்ல பிரீடர் பக்கத்துல அதே நாலஞ்சு பூனைங்க திரும்பத் திரும்ப வரும், குட்டியா இருந்தது பெருசாகி, குட்டி போட்டு, கருத்தடை ஆபரேஷன் பண்ணி சோஃபால சாஞ்சிருக்கிற வரைக்கும் தெரியும். இந்த வாரம் பெர்சியன் அடுத்த வாரம் பெங்கால் அதுக்கடுத்த வாரம் மேன்கூன், நடுவுல ரெண்டு ஷீட்ஸு நாய்க்குட்டின்னு ஓடுச்சுன்னா அது பிரீடர் இல்ல, கைமாத்தி விடுற ஏஜெண்ட். அவருக்கே அந்தக் குட்டியோட அம்மா யாருன்னு தெரியாது.

பூனைங்களுக்குன்னு தனியா பாக்குற டாக்டர் யாராவது இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, எந்த வீட்டுக் குட்டி ஆரோக்கியமா வருது, எது வரும்போதே பேதியோட வருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது, வெளிப்படையா சொல்லலன்னாலும் ஒரு பேர் சொன்னா அவங்க மூஞ்சி சொல்லிடும். கேட் ஷோ நடந்தா போங்க, பெங்களூர் மும்பை மாதிரி ஊர்லல்லாம் நடக்குது. ஷோவுல குட்டி வாங்காதீங்க, பிரீடர்ங்ககிட்ட பேசுங்க, நம்பர் வாங்குங்க, ஒரு வருஷம் காத்திருக்கணும்னு சொன்னா சந்தோஷப்படுங்க. எந்நேரமும் கையில குட்டி ஸ்டாக் இருக்கிறது கடையிலதான்.

பேப்பர் இருக்குன்னு சொல்றாங்க, கேசிஐ சர்டிபிகேட்டாம். நம்பலாமா?

இத ஒருத்தர் எங்கிட்டயே சொன்னாரு, சிரிப்பு அடக்க முடியல. கேசிஐன்னா கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நம்ம சென்னையிலதான் இருக்கு, அது நாய்ங்களுக்கு. பூனைக்கு கேசிஐ பேப்பர்னு எவனாவது சொன்னா பைக் சாவியக் கையில எடுத்துக்கோங்க.

பூனைக்கு பேப்பர்னா டிஐசிஏ, சிஎஃப்ஏ, டபிள்யூசிஎஃப் மாதிரி சங்கத்துல பதிஞ்சது. தாய் தகப்பன் ரெண்டோட பதிவு நம்பர் இருக்கும், பிரீடரோட கேட்டரி (அவங்க பூனை வளக்குற எடம்) பேரு பூனை பேருக்கு முன்னாடி இருக்கும், அந்த ஈத்து பதிஞ்ச தேதி இருக்கும். தேதிய நான் ரெண்டுதரம் பாப்பேன், ஏன்னு உங்களுக்கே தெரியும். ஊசி போட்ட புக்க காட்டி "இதான் பேப்பர்"னு சொல்றவங்களும் இருக்காங்க, அது வேற இது வேற. அந்த புக்லயும் ஊசி பாட்டில்ல இருந்து எடுத்த ஸ்டிக்கர் ஒட்டி டாக்டர் கையெழுத்து, சீல் இருக்கணும், வெறும் பேனாவுல "வேக்சின் டன்"னு எழுதியிருந்தா அது பேனாவுக்குப் போட்ட ஊசி.

"இம்போர்ட்டட் ஜோடி"ன்னு சொன்னா, வெளிநாட்டுலேர்ந்து வந்த பூனைக்கு அனிமல் குவாரன்டைன்ல குடுத்த என்ஓசி இருக்கும், ஒடம்புல 15 இலக்க மைக்ரோசிப் இருக்கும். காட்டச் சொல்லுங்க.

உண்மைய சொல்லணும்னா இங்க விக்கிற பெர்சியன்ல முக்காவாசிக்கு எந்தப் பேப்பரும் கெடையாது. அது குத்தம் இல்ல. பேப்பர் இல்லாத குட்டிக்கு பேப்பர் உள்ள வெலை கேக்குறதுதான் குத்தம். பேப்பர் இருக்கிறதால ஆரோக்கியமா இருக்கும்னும் அர்த்தம் இல்ல, அதுக்கு வேற கேள்வி கேக்கணும், கீழ சொல்றேன்.

வீட்டுக்குப் போனா என்னென்ன பாக்கணும்?

தாய்ப் பூனைய. முதல்ல தாய், அப்புறம் குட்டி. "அம்மா எங்க?"ன்னு கேட்டா நான் இதுவரைக்கும் கேட்ட பதிலுங்க: வேற வீட்ல இருக்கு, டாக்டர்கிட்ட இருக்கு, ஒருத்தர் "ஊருக்குப் போயிருக்கு"ன்னாரு. மூணு மாசம் ஆகாத குட்டியோட அம்மா கண்ணுல படலன்னா ஒண்ணு குட்டி அங்க பொறக்கல, இல்ல அம்மாவ நமக்குக் காட்டுற நெலமையில வைக்கல. அப்பன் வேற ஊர்ல இருக்கலாம், அது சகஜம், போட்டோவும் ரிப்போர்ட்டும் இருந்தா போதும்.

தாய் கெடச்சா தடவிப் பாருங்க. முதுகெலும்பு கையில குத்துதா, ஆளப் பாத்து ஓடி ஒளியுதா, இதுக்கு முன்னாடி ஈத்து எப்பன்னு கேளுங்க. ஃபிஃபே விதிப்படி 24 மாசத்துல மூணு ஈத்துக்கு மேல கூடாது. பூனை சினைக்காலம் 63, 65 நாள்தான், பேராசைக்காரன் நெனச்சா வருஷத்துக்கு மூணு எடுத்துடுவான்.

அப்புறம் மூக்க நம்புங்க. நாலஞ்சு பூனை உள்ள வீட்ல லேசா வாடை வரத்தான் செய்யும், ஆனா உள்ள நொழஞ்ச ஒடனே கண்ணு எரியுற அளவுக்கு மூத்திர வாடைன்னா அங்க எவ்ளோ பூனை அடைஞ்சிருக்குன்னு யோசிங்க. நெறைய பூனைங்கள ஒண்ணா அடைக்கிற எடத்துல கொரோனா வைரஸ் (நம்மளது இல்ல, பூனைங்களுக்குன்னு தனி) சுத்திக்கிட்டே இருக்கும், அது சில குட்டிங்களுக்குள்ள மாறி எஃப்ஐபின்ற பொல்லாத நோயா ஆகும். காது ஓரம், மூஞ்சி, கால்ல வட்ட வட்டமா முடி கொட்டி செதில் செதிலா இருந்தா படை, பெர்சியன் வளக்குற வீடுங்கள்ல இது சர்வசாதாரணம், உங்களுக்கும் ஒட்டும், வீட்ல இருக்கிற சின்னப் புள்ளைக்கும் ஒட்டும். "குளிப்பாட்டுனா சரியாயிடும்"பாங்க. ஆகாது, மாசக்கணக்குல வைத்தியம்.

ஒரே நாள்ல ரெண்டு மூணு பிரீடர் வீட்டுக்குப் போகாதீங்க, ஒரு வீட்டு கிருமிய உங்க துணியில இன்னொரு வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுக்குற மாதிரி ஆயிடும். கைகழுவச் சொல்லி, செருப்ப வெளிய விடச் சொல்ற பிரீடர் மேல எனக்கு தனி மரியாதை.

டெஸ்ட் ரிப்போர்ட் கேளுன்றாங்களே, என்ன டெஸ்ட்?

பெர்சியன்னா முதல் கேள்வி பிகேடி. கிட்னியில நீர்க்கட்டி வர்ற பரம்பரை நோய். பொறக்கும்போதே குட்டிகுட்டியா இருக்கும், வருஷம் போகப் போக பெருசாகி பூனைக்கு ஏழெட்டு வயசு ஆகும்போது கிட்னி படுத்துடும், அதுக்குள்ள அந்தப் பூனை எத்தனை ஈத்து போட்டிருக்கும் பாருங்க. இது டாமினன்ட், அதாவது தாய் தகப்பன் ரெண்டுல ஒண்ணுகிட்ட இருந்தாலே போதும், சராசரியா குட்டிங்கள்ல பாதிக்கு வந்துடும். உலகம் முழுக்க பாத்த கணக்குல பெர்சியன்ல மூணுல ஒண்ணுக்கு மேல இது இருந்துச்சு. 2004ல இதுக்கான ஜீன கண்டுபிடிச்சுட்டாங்க, கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுகுச்சில தேச்சு அனுப்புனா போதும், வாழ்நாள்ல ஒரே ஒருதரம். டெஸ்ட் பண்ணி, இருக்கிற பூனைய இனவிருத்திக்கு விடாம இருந்தா அடுத்த தலைமுறையில நோயே இருக்காது. இவ்ளோ சுலபமா நிறுத்தக்கூடிய நோய இன்னும் விட்டு வச்சிருக்காங்கன்றதுதான் எனக்கு ஆத்தாமை.

டிஎன்ஏ பண்ணலன்னா பத்து மாசம் தாண்டுன தாய் தகப்பனுக்கு அனுபவம் உள்ள டாக்டர் எடுத்த ஸ்கேனாவது இருக்கணும். "என் லைன்ல யாருக்கும் கிட்னி பிரச்சனை இல்ல"ன்றது ரிப்போர்ட் இல்ல.

மேன்கூன், ராக்டால் இனம்னா ஹார்ட். எச்சிஎம்னு இதயத்தசை தடிச்சுப்போற நோய், மேன்கூன்ல ஒரு ஜீன 2005லயும் ராக்டால்ல ஒண்ண 2007லயும் கண்டுபிடிச்சாங்க, ஆனா ஜீன் டெஸ்ட் மட்டும் போதாது, இனவிருத்திக்கு வைக்கிற பூனைங்களுக்கு எக்கோன்ற ஹார்ட் ஸ்கேன் எடுத்துக்கிட்டே இருக்கணும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர்னா "தாயோட பிளட் குரூப் என்ன?"ன்னு ஒரு கேள்வி போடுங்க. அந்த இனத்துல பி குரூப் நெறைய, பி குரூப் தாய்க்கு ஏ குரூப் குட்டி பொறந்து முதல் பால குடிச்சா அந்தப் பாலே ரத்தத்த அழிச்சு குட்டி செத்துடும். இது தெரிஞ்ச பிரீடர் ஒடனே பதில் சொல்வாரு, தெரியாதவரு "பூனைக்கு பிளட் குரூப்பா"ன்னு உங்களப் பாத்து சிரிப்பாரு.

டால் ஃபேஸ், பஞ்ச் ஃபேஸ், ட்ரிபிள் கோட்... எது வாங்கலாம்?

ட்ரிபிள் கோட்னு எந்தச் சங்கத்துலயும் ஒரு வகை கெடையாது, வெலை ஏத்த சொல்ற வார்த்தை. டால் ஃபேஸ்னா மூக்கு கொஞ்சம் நீட்டா இருக்கிறது, பஞ்ச்னா உள்ள அமுங்குனது. மூக்கு அமுங்க அமுங்க கண்ணீர்க் குழா மடங்கி கண்ணு ஒழுகிட்டே இருக்கும், பல்லு கோணும், மூச்சு திணறும். நம்ம ஊர் மே மாசத்துல பஞ்ச் ஃபேஸ் பூனை வாயத் தொறந்து மூச்சு வாங்குறத ஒருதரம் பாத்தா அதுக்கு அதிக காசு குடுக்க மனசு வராது. என் ஓட்டு டால் ஃபேஸுக்குத்தான்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு க்யூட்டா இருக்கே?

வேணாம். 1961ல ஸ்காட்லாந்துல ஒரு பண்ணைப் பூனை, சூசின்னு பேரு, அதுகிட்டேர்ந்து வந்ததுதான் இந்த இனம் மொத்தமும். காது மடங்குறது அழகு இல்ல, குருத்தெலும்பு கோளாறு, அதே கோளாறு வாலு, கணுக்கால் மூட்டுன்னு ஒடம்பு முழுக்க இருக்கு. மனுஷன் மாதிரி உக்காருதுன்னு ரீல்ஸ் போடுறாங்களே, பாதி நேரம் அது கால் வலியில உக்காருறது. மேல சொன்ன ஜிசிசிஎஃப் 1970கள்லயே இத பதியுறத நிறுத்திடுச்சு, நெதர்லாந்துல பிரீட் பண்றதே தடை. நல்ல ஃபோல்டு பிரீடர் யாருன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல.

ஆன்லைன்ல அட்வான்ஸ் கேக்குறாங்க, அனுப்பலாமா?

குட்டிய நேர்ல பாக்காம ஒத்த ரூபா அனுப்பாதீங்க. முதல்ல வீடியோ கால்ல குட்டிய தூக்கி இன்னைக்கு நாளிதழ் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க, போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, அதே குட்டி ரஷ்யாவுலயும் இருக்கும் துருக்கியிலயும் இருக்கும். ஏமாத்துறவன் வரிசை எப்பவும் ஒண்ணுதான்: முதல்ல சின்ன அட்வான்ஸ், அப்புறம் வண்டிக்கூலி, அப்புறம் "ஏசி கூண்டுக்கு டெபாசிட், திரும்ப வந்துடும்", அப்புறம் இன்சூரன்ஸ். காசு போயிடுச்சுன்னா வெக்கப்படாம அந்த நிமிஷமே 1930க்கு அடிங்க, அது சைபர் கிரைம் நம்பர், எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ வாய்ப்பு இருக்கு பணத்த நிறுத்தி வைக்க.

பஸ்ல போட்டு விடுறேன்றாரு?

குட்டிய லக்கேஜ் டிக்கில போடுறவன் பிரீடரா? அடுத்த கேள்வி.

வெலை பேசலாமா? எவ்ளோ குடுக்கலாம்?

ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் மாறும், நான் நம்பர் சொன்னா அது அடுத்த மாசமே பழசாயிடும். இப்படிக் கேளுங்க: எத்தனை ஊசி, பூச்சி மருந்து எத்தனைதரம், தாய் தகப்பன் டெஸ்ட், மூணு மாசத் தீனி, இதெல்லாம் இந்த வெலையில இருக்கான்னு. ஒழுங்கா வளத்தவருக்கு இதுல பெரிய லாபம் நிக்காது. அதனால "பாதிக்குத் தாங்க"ன்னு கேட்டு அவரு ஒடனே சரின்னா நான் பயந்துடுவேன்.

பிரீடர் நம்மளயே கேள்வியா கேக்குறாரு, பொண்ணு பாக்க வந்த மாதிரி. கோவமா வருது.

கோவப்படாதீங்க, நல்ல சகுனம். பால்கனியில வலை இருக்கா, சொந்த வீடா வாடகையா, பகல்ல ஆள் இருக்குமா, யாருக்காவது அலர்ஜியா, கேப்பாரு. ஆபரேஷன் பண்ணிடணும், குட்டி எடுக்கக்கூடாது, வச்சுக்க முடியலன்னா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும்னு எழுதி கையெழுத்து வாங்குவாரு. அதே தாள்ல நீங்களும் கேளுங்க: பொறந்த தேதி, ரெண்டு மூணு நாளைக்குள்ள என் டாக்டர்கிட்ட காட்டி ஏதாவது இருந்தா திருப்பி எடுத்துக்கணும், பத்து நாளைக்குள்ள பார்வோ வந்தா பணம் திருப்பித் தரணும்னு. பார்வோன்னா பேன்லூக்கோபீனியா, குட்டிங்கள கொல்ற ஒரு வைரஸ் நோய், வைரஸ் உள்ள போய் நோய் வெளிய தெரிய ரெண்டுலேர்ந்து பத்து நாள் ஆகும். எனக்கு வந்த குட்டி நாலாவது நாள் வாந்தி, ஆறாவது நாள் போயிடுச்சு. வித்தவங்ககிட்ட கேட்டதுக்கு "நீங்க பால் குடுத்திருப்பீங்க"ன்னாங்க. எழுத்துல ஒண்ணும் இல்ல, நான் என்ன பண்ண முடியும்.

குட்டி செத்துப்போச்சு, ஒடனே இன்னொண்ணு வாங்கலாமா அக்கா?

இந்தக் கேள்விய கேக்குறவங்கதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். பார்வோல போயிருந்தா வேணாம். அந்த வைரஸ் வீட்டுக்குள்ள ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட கெடக்கும். சாதாரண சோப்புக்கு சாகாது, ப்ளீச் ஒரு பங்கு தண்ணி 32 பங்கு கலந்து பத்து நிமிஷம் ஊற விட்டுத் தொடைக்கணும், துணி, கூண்டு, மண்ணுப் பெட்டி எல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. பூனை வீட்ல டெட்டாலும் கருப்பு பினாயிலும் ஆகவே ஆகாது, பூனைக்கு அது விஷம். அதுக்கப்புறமும் ஊசி முடியாத குட்டிய அந்த வீட்டுக்குள்ள கொண்டுவரக்கூடாது.

நான் என்ன பண்ணேன்னா, ஒரு வருஷத்துக்கு மேல சும்மா இருந்துட்டு, ஒரு பிரீடர்கிட்ட குட்டி வேணும்னு என் பேர பதியப் போனேன். அவங்க "குட்டி எதுக்கு, இவ ரிட்டையர் ஆயிட்டா, எடுத்துக்குறியா?"ன்னு அஞ்சு வயசு தாய்ப் பூனை ஒண்ண காட்டுனாங்க. ஆபரேஷன் ஆயிருந்துச்சு, ஊசி எல்லாம் முடிஞ்சிருந்துச்சு, பிகேடி நெகட்டிவ் ரிப்போர்ட்டும் கையோட குடுத்தாங்க, வெலை குட்டியில பாதிகூட இல்ல. நெறைய பிரீடர் இப்படிக் குடுப்பாங்க, யாரும் கேக்குறதில்லன்றதால சொல்றதில்ல. பழக்கத்துல அப்பயும் தராசு எடுத்துட்டுப் போயிருந்தேன். நாலரை கிலோ, தராசுலயே உக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேன்னுச்சு.